இடையில் வைத்த படம்

கதிரவெளி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அச்சகப் பெண்கள் இருவர் இருந்தார்கள். அச்சக முதலாளி அவர்களோடு வரவில்லை. மடியில், மறுநாள் முப்பத்தோராம் நாள் நினைவு நடக்கும் சாவீட்டுக்குரிய நினைவு மலர்க் கட்டு.

இளையவள் ஒன்றை விரித்தாள். "பாருங்க அக்கா, குடும்பப் பக்கம் வடிவா வந்திரிக்கி. ஒரு படம் மட்டும் வரிசைய விட்டுக் கீழ கிடந்த. மேல் வரிசையோட சேத்து செலக்ட் பண்ணி, ஒரே நேருக்கு வர அலைன் குடுத்து, இடைவெளியையும் சமனாக்கிட்டன்."

"எந்தப் படம்?"

"மீசைக்காரப் பொடியன்ட."

"ஐயோ புள்ள! அது காணாமப் போன மகன். மேல் வரிசை செத்த ஆக்கள், கீழ உயிரோட இரிக்கிற ஆக்கள். அண்ணன்மார் மேல போடச் சொல்ல, தாய் கீழ போடச் சொல்ல, சண்டை பிடிச்சுக் கடைசியா நடுவுல எண்டு முடிவாக்கின. நான் வேணுமெண்டுதான் அங்க வச்ச."

"எனக்கு ஆர் அக்கா சொன்ன?" இளையவள் மலரை மூடினாள். "ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பமா?"

"மறைச்சா அந்த மனிசிக்கு அவன் ரெண்டாந்தரமும் காணாமப் போவான். கிராமசேவகர்ட படிவத்தில இன்னும் அவன்ட பேர எழுதுறவ."

போன் அடித்தது. பெரியவள் பயந்து பயந்து எடுத்தாள். எனக்கே கேட்டது அந்தத் தாயின் குரல்: "மகள், நான் ரோட்டுல நிக்கன். புத்தகம் வருதா?"

"நாளைக்கு விடியவே கொண்டு வாறம் அம்மா."

பாதி வழியில், வாழைச்சேனையிலேயே கட்டோடு இறங்கினார்கள். பஸ் புறப்படுமுன் என் ஜன்னலுக்குக் கீழே நின்று முதலாளிக்குப் போன் எடுத்தார்கள். அவர் நெடுநேரம் பேசினார்.

"என்னவாம் அக்கா?"

"ராவைக்கே திரும்ப அடிக்கட்டாம். அந்தச் செலவ ரெண்டு பேர்ட சம்பளத்திலயும் வெட்டுறாராம், மொத்தம் இருபத்தேழாயிரம்."