வெந்த கூடத்தை மீட்ட கிளெனிஸ் அம்மையாருக்கு

கண்ணுக்கு எட்டாச் சிற்றுயிரைக் கண்ணிமையெனக் காத்தவரே! நஞ்சு தெளிக்காமல் வெள்ளரிக்கு நலம் சேர்த்தவரே! அடிலெய்டின் வடசமவெளிக் காற்றிலும் கானலிலும் முப்பதாண்டு முகம் சுளிக்காது நின்ற கிளெனிஸ் ஹாட்ரிக் அம்மையாரே! வணக்கம்.

பீன்ஸ் செடி வளர்த்து, அதில் சிலந்திப்பேனை மேயவிட்டு, அதைத் தின்னும் வேட்டைப்பேனைப் பெருக்கி, புட்டியில் அடைத்துத் தோட்டந்தோறும் அனுப்பும் இப்பணியில் தங்கள் பொறுமைக்கு ஈடு ஏது! இத்தகைய மடலில் இனியதையே எழுதுவார்கள். ஆனால் அந்தக் கோடையை மறைத்துத் தங்களைப் போற்றினால் அது பொய்யாகிவிடும்.

அன்று குளிரூட்டி நின்றது, பேன் வளர்க்கும் கூடம் மூச்சுவிட முடியாத அடுப்பாயிற்று. "யாரும் உள்ள போகாதீங்க! செத்தா சாகட்டும், பேன்தானே!" என்று வாசலை மறித்து நின்றீர்கள். நம் தோழர் லோக் பின்வாசல் வழியே ஓடினார். "வித்துப் பேன் இருக்குற தாய்த்தட்டு ரெண்டுதான் அக்கா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுறேன்!" என்ற குரல் கேட்டது, அவர் வரவில்லை. தாங்களே உள்ளே பாய்ந்து, தோளைப் பற்றி இழுத்து வந்தீர்கள். ஆம்புலன்ஸ் வருமுன் தங்கள் மடியிலேயே அவர் உயிர் பிரிந்தது. பேன்களிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

விசாரணைக்கு முன், "அவரு சொல் பேச்சு கேக்கலன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார் மேலாளர். தாங்களோ விசாரணையில், "சொன்னேன், கேக்கல. அது நெசம். குளிரூட்டி கெட்டுக் கெடக்குன்னு கத்திக்கிட்டே இருந்தேன், யாரும் கேக்கல. அதுவும் நெசம். ரெண்டையும் எழுதிக்கோங்க" என்றீர்கள். வேலை போகும் என்று மிரட்டினார்கள். சொன்ன சொல்லை மாற்றவில்லை. மேலாளரின் வேலைதான் போயிற்று.

மருந்துக்கு அடங்காத சிலந்திப்பேன் அதற்குள் சமவெளியெங்கும் பயிரைச் சுருட்டியது. வேட்டைப்பேனின் வித்து எஞ்சியிருக்கக்கூடிய இடம் ஒன்றே: லோக் தம் வீட்டு வெள்ளரிப் பந்தலில் விட்டிருந்தவை. அங்கே போகத் தங்களைத் தவிர எவருக்கும் துணிவில்லை.

"அவரு உசுரைத் தின்ன பேன் இது. ஒண்ணு விடாம வழிச்சுக்கிட்டுப் போங்க, அக்கா!" என்றார் அவர் மனைவி துய். தாங்கள் மண்டியிட்டு இலை இலையாகத் தேடினீர்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. நெடுநேரம் வாசலில் நின்றிருந்த துய், ஒரு கூடையோடு வந்து அருகே அமர்ந்தார். "மேல இல்ல, அடியில பாருங்க. அவரு அடி இலையிலதான் விடுவாரு." இருவரும் அழுதபடியே அந்த இலைகளைப் பறித்தீர்கள். இன்று இச்சமவெளியின் பயிரைக் காப்பவை அந்தக் கூடையிலிருந்து பெருகியவையே. அதைத் தாங்கள் ஒருநாளும் பெருமையாகச் சொன்னதில்லை.

மாண்புமிகு அம்மையாரே! தங்களைப் பாராட்டும் இன்றைய விழாவுக்குத் துய்யை அழைத்தோம். "அந்தக் கூடத்து வாசல்ல என்னால கால் வைக்க முடியாது. அக்கா நல்லா இருக்கணும். நோய்நொடி இல்லாம ரொம்ப நாள் இருக்கணும். நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார்.

அதைவிடப் பெரிய வாழ்த்து எங்களிடம் இல்லை. அதையே எழுதி, கையொப்பமிட்டுத் தருகிறோம்.

இங்ஙனம்,
வளர்ப்புக் கூட ஊழியர்கள்