இருளாயியைச் சுமந்தவன்

சிவனொளிபாத மலைக்கு ஒன்றாகப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள் ஐயா, ஆளுக்கொரு மலையைச் சொல்வார்கள். ஒருவருக்கு மழை, ஒருவருக்கு வெயில். அட்டைக்கடியை மட்டும் யாரும் மறப்பதில்லை.

எங்களுடையது எஹலியகொட பக்கத்து ரப்பர் தோட்டம். தோட்டத்துச் சனத்தை வருஷா வருஷம் இரத்தினபுரி வழியாக மலைக்குக் கூட்டிப் போகிறவன் நான், ஐயாவு. அந்தத் தலைவனைச் சிங்களத்தில் நடேகுரா என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். சூலம் நடேகுராவின் கையில் இருக்கும். அடிவாரத்தில் எடுத்தால் திரும்பி இறங்கும்வரை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். கீழே வைக்கக் கூடாது, கை மாற்றக் கூடாது. ஒரு வருஷமும் நான் அதில் தவறியதில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு இறங்கும்போது இருளாயி அக்காவுக்குக் கால் பிசகிவிட்டது. முதுகில் சுமந்து வந்தேன். அந்தப் பாரம் இன்றும் தோளில் தெரிகிறது. ஆனால் பால் வெட்டுகிற இடத்தில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில், கோயிலில், எங்கே பார்த்தாலும் தூக்கியது எங்களோடு வந்த தம்பையா என்றே பேச்சு. இருளாயியும் அதையே சொன்னாள். இனிமேல் சூலத்தையும் தம்பையாவிடமே கொடுக்கலாம் என்றார்கள். வயிறு எரிந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மறு வருஷம், இதுதான் கடைசித் தடவை என்று சொல்லி, சூலத்தை எனக்கே கொடுத்தார்கள். இறங்கும்போது பனிமூட்டம். சனத்தை முன்னே விட்டுத் தம்பையாவை நிறுத்தினேன்.

"அக்காவத் தூக்குனது யாருன்னு நீயே சொல்லிடு தம்பையா."

"யாரு தூக்குனா என்னண்ணே, அக்கா நல்லபடியா வீடு வந்திச்சில்ல" என்று சிரித்தான்.

சூலத்தின் அடிப்பக்கத்தை நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். ஓடைப் பள்ளத்தில் விழுந்தான்.

முன்னால் போனவர்களை எட்டிப் பிடித்தபோது பின்னால் பள்ளத்திலிருந்து குரல் வந்தது. தம்பையாவின் மனைவி புஷ்பவதி நின்றுவிட்டாள். மலையில் பின்னாலிருந்து கூப்பிடும் குரலுக்குத் திரும்பக் கூடாது, அது மனிதக் குரல் இல்லை, தம்பையா குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டான் என்றேன். நடேகுராவின் சொல்லுக்கு மலையில் மறுபேச்சு கிடையாது. நடந்தார்கள். பிறகு தேடிப்போனவர்கள் உடம்பைத்தான் எடுத்து வந்தார்கள்.

அந்த வழக்கம் அன்றைக்கு நான் உண்டாக்கியது. இப்போது கேளுங்கள், பாட்டன் காலத்து வழக்கம் என்பார்கள். குரலே கேட்கவில்லை என்பான் அன்று கூட நடந்த விஜேந்திரன். ஏதோ பறவை என்பாள் அவனோடு நடந்த மல்லிகா. நான் பக்குவமாகச் சொல்லிச் சொல்லி வந்த பலன். இருளாயிகூட இப்போது தூக்கியது நான்தான் என்கிறாள்.

புஷ்பவதி மட்டும் மசியவில்லை. "அப்படி ஒரு வழக்கம் இருந்ததே இல்லைங்க. அது என் புருசன் கொரல்" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். உண்மைதான். தள்ளியதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் இருளாயியைத் தம்பையா தூக்கி வந்தான், நான் இரண்டு கையாலும் சூலத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன் என்றும் சொன்னாளாமே, நீங்கள் எழுதியதில் அதை மட்டும் வெட்டிவிடுங்கள் ஐயா. சூலத்தை நான் விட்டதே இல்லை. இருளாயியைச் சுமந்ததும் நான்தான்.