டாக்டர் உள்ளேதான் இருக்கிறாள்

எங்கள் வீட்டு அழைப்பு மணி உள்ளறை வரை கேட்காது. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அதனால் கதவைத் திறப்பது எப்போதும் முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நான்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். மற்றது எளிதாகப் புரியும்.

என் தாத்தா டாக்டர். அப்பாவும் டாக்டர். தெருமுனையில் யாரைக் கேட்டாலும் "டாக்டர் வீடா?" என்றுதான் வழி காட்டுவார்கள். நடுவில் நான் ஒருவன் மதிப்பெண் போதாமல் காப்பீட்டு அலுவலகத்தில் காலம் தள்ளினேன். அந்தக் குறையை மகள் தீர்ப்பாள் என்றிருந்தேன். அவளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் பக்கத்து வீட்டுத் தையற்காரர் தாமாகவே ஒரு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொண்டுவந்தார். "நம்ம தெருவுக்கு மறுபடியும் ஒரு டாக்டர், ஐயா," என்றார்.

இரண்டாம் ஆண்டிலேயே அவள் அந்தப் படிப்பை விட்டிருக்கிறாள். விடுதியில் இருந்தவள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. விலங்கியலுக்கு மாறி, ஆராய்ச்சியும் முடித்து, ஒருநாள் பெட்டியோடு வந்து நின்றாள்.

"டாக்டர் பட்டம் வாங்கிட்டேன்ப்பா."

"எதுல?"

"எறும்புல."

"எறும்புக்குக் காய்ச்சல் வந்தா நாடி பிடிப்பியா?"

அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. பிறகு அவள் சொன்னது இன்னும் மோசம். "பல்கலைக்கழகம் மேடையில கூப்பிட்டு டாக்டர்னு கொடுத்தது எனக்குத்தான்ப்பா. தாத்தாவை ஜனங்க மரியாதைக்குக் கூப்பிட்டாங்க. முறைப்படி பார்த்தா போட்டுக்க வேண்டியவ நான்தான்." சொந்தத் தகப்பனை அத்தனை வருடம் ஏமாற்றியவள் முறை பேசினாள்.

சரி, போட்டுக்கொள் என்று நானே வாசலில் பலகை அடித்தேன். டாக்டர் என்ற சொல், அடுத்து அவள் பெயர். அவ்வளவுதான்.

"கீழ விலங்கியல்னு சேர்த்துடுங்கப்பா. இல்லேன்னா உடம்பு சரியில்லேன்னு யாராவது வந்து நிப்பாங்க."

"யாரும் வரமாட்டாங்க," என்றேன்.

வந்தார்கள். முதலில் பால்காரரின் மனைவி, தலைவலி என்று. டாக்டரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போய், மகளின் அறைக்கு வெளியே சற்று நின்றேன். கதவைத் தட்டியிருந்தால் அவள் வந்து, "நான் அந்த டாக்டர் இல்லக்கா," என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். இரண்டு தலைமுறையை அந்தச் சிரிப்பு துடைத்துப் போட்டிருக்கும். தட்டவில்லை. என் அலமாரியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். "டாக்டர் வேலையா இருக்காங்க. இதைப் போட்டுக்கச் சொன்னாங்க."

குணமாகிவிட்டது. அதன் பிறகு இருமல், சொறி, முழங்கால் வீக்கம் என்று பலர் வந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. ஒரு கைக்குழந்தையை மட்டும் வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குப் பொறுமை போதாது.

அன்று பிற்பகல் தையற்காரரின் மனைவி மணி அடித்தாள். தையற்காரர் அவளுக்குப் பின்னால் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. இடது கையை மார்போடு ஒடுக்கி வைத்திருந்தார்.

"ஐயா, இவருக்கு நெஞ்சை அடைக்குதாம். வண்டி நிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா கேக்க மாட்டேங்கறாரு."

"இவ சும்மா பதறுறா," என்றார் அவர். "நம்ம டாக்டரம்மா சொல்லட்டும், போறேன். தைச்சுக் குடுத்த கோட்டுக்கு இன்னிக்குத்தான் பலன் கேக்கறேன்."

உள்ளே போய் வழக்கமான இடத்தில் நின்றேன். மகள் கணினியில் தட்டிக்கொண்டிருந்தது கேட்டது. அந்த வேர்வையும் கைவலியும் எதைக் காட்டுகின்றன என்று எனக்குத் தெரியும். டாக்டர் வீட்டில் வளர்ந்தவன் நான். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த டாக்டர் அனுப்பியது என்று அங்கே கேட்பார்கள். இவர் பெருமையாக என் மகள் பெயரைச் சொல்வார். அந்தப் பெயரை மருத்துவர் பதிவில் தேடுவார்கள். நான் நிதானமாகத்தான் யோசித்தேன்.

"டாக்டர் சொல்லிட்டாங்க. வெறும் வாய்வுதான். இதைப் போட்டுட்டுப் படுங்க."

"அப்பாடா," என்றார். மனைவியைப் பார்த்து, "சொன்னேனா இல்லையா?" என்றார். வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். இருட்டுவதற்குள் அந்த வீட்டிலிருந்து அழுகை கேட்டது.

நீங்கள் விசாரிக்க வந்தபோது, மகள் சொன்னதைத்தான் சொன்னேன் என்று சாட்சி கொடுத்தேன். அது பொய். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் வண்டியில் ஏறும்போது "அப்பா" என்று கூப்பிட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

நேற்று அவளுடைய வக்கீல் வந்தார். அவள் கூண்டில் ஏறி, தான் மருத்துவரே இல்லை, மருத்துவம் படிப்பதை விட்டு எத்தனையோ காலம் ஆயிற்று என்று ஊரார் முன்னால் சொல்லப் போகிறாளாம். பெற்றவனை ஒரு பிள்ளை இதைவிட எப்படிக் கைவிட முடியும்?

அதனால்தான் வந்தேன். மாத்திரை நான் கொடுத்தது. சொன்னதும் நான்தான். அவர் பிழைக்கமாட்டார் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். அவளுக்கு எதுவும் தெரியாது. என்னை வைத்துக்கொண்டு அவளை விட்டுவிடுங்கள். அவள் எங்கும் ஏறிப் பேச வேண்டியதில்லை.

இந்த வாக்குமூலத்தை எழுதுகிறவரிடம் மட்டும் சொல்லுங்கள், அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடட்டும். தையற்காரர் அதை நம்பித்தான் கண்ணை மூடினார். இறந்தவருடைய நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.