இரண்டு புள்ளிகள்

அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள் அம்மா. உங்கள் கருவியில் என் குரலைவிட அதன் முனகல்தான் அதிகம் பதியும்.

முன்னாள் உறுப்பினர்களின் நினைவுகளைச் சட்டசபை நூலகத்துக்காகப் பதிவு செய்வதாகச் சொன்னீர்கள். மற்றவர்கள் பாலம் கட்டியதையும் பள்ளிக்கூடம் திறந்ததையும் சொல்லியிருப்பார்கள். நானும் கட்டினேன், திறந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே கொட்டாவி வருகிறது. பரிந்துரைக் கடிதங்களைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அதைச் சொல்கிறேன்.

பதினைந்து வருடம் காலை எட்டு மணிக்கு இதே முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். வாசல்வரை வரிசை நிற்கும். வந்தவர்களில் ஒருவரைக்கூட வெறுங்கையோடு அனுப்பியதில்லை. இல்லை என்று சொல்லி ஏன் பகையைச் சம்பாதிக்க வேண்டும்? எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடிதம், ஒரே கையெழுத்து. காரியம் நடக்க வேண்டுமானால் மட்டும் கையெழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். புள்ளி இல்லாத கடிதம் அலுவலகத்தில் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதிகாரிகளுக்கு இது தெரியும். எதிர்க்கட்சி நண்பர் ஒருவர் கடித மூலையை மடித்துவிடுவார். “உமக்குப் புள்ளி, எனக்கு மடிப்பு. ஜனங்களுக்கு என்னய்யா?” என்று சட்டசபை உணவகத்தில் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

எனக்கு ஒரே மகள். பேருந்து நடத்துனர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு போனாள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. வீடுதான் அமைதியாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் என் மனைவி மூன்று தட்டு வைப்பாள், பிறகு ஒன்றை எடுத்துவிடுவாள். நான்கு வருடம் அப்படி.

ஐந்தாம் வருடம் ஒருநாள் காலை மகள் அந்த வரிசையில் நின்றாள். பின்வாசல் வழியாக அம்மாவிடம் போயிருக்கலாம், போகவில்லை. பதினேழாவது ஆளாக என் மேஜைக்கு வந்தாள். கணவருக்கு இதய வால்வு கெட்டுவிட்டது, அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும், அவ்வளவு நாள் தாங்காது என்கிறார்கள் என்று ஒப்பித்தாள். பிறகு குரல் உடைந்தது.

“பெரிய டாக்டருக்கு ஒரு வரி எழுதிக் குடுங்கப்பா. வேற எதுவும் கேக்க மாட்டேன்.”

உதவியாளரிடம் தரவில்லை. என் கையாலேயே எழுதினேன். ‘என் அன்பு மருமகன்’ என்று எழுதினேன். அந்தச் சொல்லை அதற்குமுன் நான் பயன்படுத்தியதில்லை. படித்துவிட்டு அழுதாள். “எங்கப்பா எங்கப்பாதான்” என்றாள். அடுக்களை வாசலில் நின்ற என் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று நாங்கள் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவ்வளவு நிறைவான சாப்பாட்டை அதன்பிறகு நான் சாப்பிடவில்லை.

மாலையில் பெரிய டாக்டரே தொலைபேசியில் கூப்பிட்டார். நல்ல மனிதர்.

“மருமகன்னு எழுதியிருக்கீங்க, கீழே புள்ளியக் காணோமே. மறந்துட்டீங்களா சார்?”

“நான் எப்ப டாக்டர் மறந்திருக்கேன்?”

 அவர் சரி என்று வைத்துவிட்டார்.

வரிசை என்றால் வரிசைதானே? அந்த வாரம் மகளின் கணவருக்கு முன்னால் பதிந்திருந்த ஒரு தையல்காரருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டார். அதை யாரும் தவறென்று சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நாள் மகளின் கணவர் போய்விட்டார். மாதம் முடியுமுன் மகள் ஒரே ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவள் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தாளே, அவள்தான் என் மகள். என் மாத்திரை, என் வெந்நீர், என் கண்ணாடி எல்லாம் அவள் பொறுப்பு. அந்தக் கடிதத்தின் நகலைக் கண்ணாடி போட்டு அவள் அறையில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களிடம், “அப்பா எவ்வளவோ பார்த்தார், விதி விடல” என்பாள். நானும் தலையாட்டுவேன்.

பதிவை எப்போது வெளியிடலாம் என்று படிவத்தில் கேட்டிருக்கிறீர்கள். என் காலத்துக்குப் பிறகு என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்காகச் சொல்லவில்லை. பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?