நாலே முக்கால் காப்பி

"தெனம் எங்க வீட்டுக்கு நான் ரெண்டு தடவ வாரேன்டி."

எனக்குப் பின்சீட்டில் இருந்து கேட்டது. காளவாசல் நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள்.

"என்னடி உளர்ற?" என்றாள் தோழி.

"அடுத்த மாசம் ஜெர்மனி போறேன்ல. ஒரு வருசம் அங்க ஒரு குடும்பத்தோட தங்கிப் படிக்கணும். நான் இல்லாம இருக்க அம்மா இப்பவே பழகுது. 'அம்மா, வந்துட்டேன்'னு என்னைச் சொல்லச் சொல்லிப் போன்ல பதிஞ்சிருக்கு. நாலே முக்காலுக்கு அலாரம் மாதிரி அடிக்கும்."

"பாவம்டி அம்மா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்தக் குரல் கேட்டதும் அம்மா காப்பி ஆத்தி மேசையில வைக்கும். டியூசன் முடிச்சு நான் ஆறு மணிக்குப் போனா டம்ளர் காலியா இருக்கு."

"அம்மா குடிச்சிருக்கும்."

"அம்மா காப்பியே குடிக்காது. வீட்ல வேற ஆளும் இல்ல."

விளாங்குடிக்கு முன்னால் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. ஜெர்மனி போகிறவள் வீட்டுக்குப் போன் போட்டாள். இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா, பஸ்ஸு நிக்குது. வர லேட்டாகும்."

"யாரும்மா பேசுறது? எங்க பிள்ள அப்பவே வந்திருச்சே. இந்தா, காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கா. இரு, அவகிட்டக் குடுக்குறேன்."

சட்டென்று இணைப்பைத் துண்டித்தாள்.

"ஏன்டி கட் பண்ண?"

"அங்க இருக்குற நான் போனை வாங்கிப் பேசிட்டேன்னா என்னடி செய்ய?"