ஆறாவது குழாய்

...இல்ல தம்பி, சண்டைய மொதல்ல ஆரம்பிச்சது எம் மச்சினன்தான். சம்சாரத்தோட தம்பி, ரேடியோ ரிப்பேர்காரன். நீங்க கேட்டு வந்த ஏணிதானே? தரேன், அந்த ஸ்டூல்ல உக்காருங்க. இந்தக் கடிகாரத்தப் பாத்தீங்களா? அஞ்சு கண்ணாடிக் குழாய். ஒவ்வொண்ணுக்குள்ளயும் பூஜ்யத்துலேருந்து ஒம்போது வரைக்கும் கம்பியில வளைச்ச எண்ணுங்க, ஒண்ணு பின்னால ஒண்ணா நிக்கும். எதுக்குக் கரண்டு போகுதோ அது மட்டும் தணலாட்டம் ஒளிரும். எல்லாம் பழைய சரக்கு, அவன் குடுத்தது. ஆறாவத அப்புறம் தரேன்னான். பாருங்க, கடைசிக் குழி பொக்க வாயாட்டம் கெடக்கு.

அத விடுங்க. நொடிய எண்ணுறதுக்கு எல்லாரும் சிப்பு வைப்பாங்க. நான் முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கு, கண்ணுக்குத் தெரியாம எண்ணுறத நம்ப மாட்டேன். கரண்டு இருக்கான்னு பாக்குற டெஸ்டருக்குள்ள மினுக்குமே குட்டி நியான் பல்பு, அத வட்டத்துக்குப் பத்தா வெச்சேன். ஒண்ணு அணைஞ்சா பக்கத்துது பத்தும். மேசையில லைட்டுக்கு அடியில நாலு நாள் ஓடிச்சு, ஒரு நொடி பிசகல. அப்புறம் தேக்குல பெட்டி இழைச்சு, உள்ளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சு, மூடி போட்டேன்... அன்னிலேருந்து சண்டித்தனம். நாலாவது பல்பு பத்தவே பத்தாது, எல்லாம் அங்கியே நிக்கும்.

பல்பும் அவன் குடுத்ததுதான். மட்டமான சரக்கத் தலையில கட்டிட்டியேடான்னு போன்ல கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? "மூடியக் கழட்டுங்க மாமா." என் தச்சு வேலையக் கேலி பண்றான். போன வெச்சுட்டேன். எட்டு மாசமாப் பேச்சு இல்ல. ஞாயித்துக்கிழமை அவன் மகளுக்குக் கல்யாணம். அவன் மன்னிப்புக் கேட்டாத்தான் வருவேன்னுட்டேன். அதான் எஞ்சம்சாரம் உள்ள பாத்திரத்தோட பேசிட்டிருக்கா.

மூடிய ஏன் தூக்குறீங்க? கைய விட்டுடாதீங்க, ஷாக்கடிச்சா ஆள் காலி...

இருங்க. நாலாவது பத்திடிச்சே. அஞ்சு... ஆறு... மூடுங்க. நின்னுடிச்சு. தெறங்க. ஓடுது.

அட... ஜன்னல் வெளிச்சம். இருட்டுல இந்தப் பல்பு பத்தத் தயங்கும், வெளிச்சம் பட்டா சட்டுனு பத்தும். டெஸ்டர்லயே பாத்திருக்கேனே. அதத்தான் சொல்ல வந்திருக்கான். நாந்தான் கறுப்பு வேற அடிச்சு, ரெண்டு கோட்டு...

இது வெளில போக வேணாம் தம்பி. ...தம்பி? ஏணியத் தூக்கிட்டுப் போயிட்டாரா?

ஏ இவளே, என்ன சிரிப்பு அங்க? என் வெள்ளச் சட்டையத் தேச்சு வை, ஞாயித்துக்கெழம நானும் வரேன். மன்னிப்புக் கேக்க வரேன்னு நெனச்சுக்காத. ஆறாவது குழாய் இன்னும் அவங்கிட்டத்தான இருக்கு?