வாக்கிங் மிஷின் பெல்ட்டில் இருந்த எண்ணெய்

பெயர் ஞானபாக்கியம். வயது 58. கணவர் பெயர் பொன்னுராஜ். விலாசம், தேனி அல்லிநகரத்தில் எங்கள் சொந்த மாடி வீடு. தொழில் என்ற இடத்தில் உதவி ஆய்வாளர் அம்மா "இல்லத்தரசி" என்று எழுத வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லி, வீட்டு வேலை என்று எழுதச் சொன்னேன்.

இன்று 19.03.2025 புதன்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு நானாகவே ஆட்டோ பிடித்துக் காவல் நிலையத்தில் ஆஜராகி, உதவி ஆய்வாளர் அனுசுயா முன்பாக இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். என் கணவர் வீட்டு வாக்கிங் மிஷினில் நடக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது சம்பந்தமாக ஏற்கெனவே ஒரு புகார் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில், மிஷினைச் சர்வீஸ் செய்ய வந்த கம்பத்தைச் சேர்ந்த நவாஸ், வயது 27, அஜாக்கிரதையாக பெல்ட்டின் மேல் எண்ணெய் விட்டுப் போனதால்தான் வழுக்கியது என்று சொல்லப்பட்டிருக்கிறது. அது பொய். அந்த எண்ணெய்க்கும் நவாஸுக்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு அது எப்படித் தெரியும் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவருக்கு வயது 63. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எங்கள் ஒரே மகன் பிரின்ஸ் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறான். 2023 ஆகஸ்ட் மாதம் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தோம். டாக்டர் அவரைத் தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னார். அதே நாளில் அதே டாக்டர் என் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு என்னையும் நடக்கச் சொன்னார். அவருக்குச் சொன்னது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருந்தது. ரோட்டில் நடந்தால் கடைத்தெருக்காரர்கள் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள், அது தனக்குப் பிடிக்காது என்று சொல்லி அவர் வாக்கிங் மிஷின் வாங்கி, சமையல்கட்டை ஒட்டிய அறையில் போட்டார். வந்த மறுநாள் நான் அதில் ஏறி ஐந்து நிமிடம் நடந்தேன். அதற்கு அவர், "ரெண்டு பேரு ஏறுனா மிஷினு சீக்கிரம் தேஞ்சுபோகும். நீதான் நாள் பூரா வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கியே" என்றார். அதன்பிறகு நான் ஏறவில்லை.

ஏறத்தான் கூடாது, பராமரிப்பு என்னுடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நவாஸ் வருவார். இடையில் மாதம் ஒருமுறை நான் செய்யவேண்டியதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிறகு பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, கையை அடியில் நடுப்பகுதிவரை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பலகை காய்ந்திருந்தால் அவர் கொடுத்த நீளமூக்கு பாட்டிலிலிருந்து சிலிக்கான் ஆயிலை அந்தப் பலகையின் மேல் கொஞ்சம் விட வேண்டும். அதன்பிறகு ஆள் ஏறாமல் மெதுவான வேகத்தில் மூன்று நிமிடம் ஓட்டி, ஆயில் பரவ விட வேண்டும். பெல்ட்டின் மேல்பக்கத்தை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. "மேல காலு படுற எடம்மா. அங்கன ஒரு சொட்டு எண்ணெய்கூட ஆகாது. சமையல் எண்ணெய், தேங்காண்ணெய் எதுவும் மிஷின் பக்கமே வரக்கூடாது" என்று நவாஸ் சொன்னார். கைப்பிடியில் கயிறு கட்டி ஒரு சர்வீஸ் அட்டை தொங்கும். அதில் நான் செய்த மாதத்துக்கு நான் டிக் போடுவேன். ஒரு மாதம்கூட விட்டதில்லை. முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, என் கணவர் நடப்பதற்காகப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தேன். என் முட்டியைத் தடவிப் பார்க்க அந்த வீட்டில் ஆள் கிடையாது.

அதே வருடம் நவம்பரில் நடந்த கன்வென்சன் ஜெபக்கூட்டத்துக்கு என் கணவர் போய்வந்தார். அங்கே பிரசங்கம் செய்ய வந்திருந்த ஊழியக்காரர் ஜெபம்பண்ணி, எல்லோருக்கும் ஒரு சிறு பாட்டில் எண்ணெய் கொடுத்திருக்கிறார். நோயாளிகள் நெற்றியில் பூசிக்கொள்ளக் கொடுத்தது. மிஷினில் விடும்படி யாரும் சொல்லவில்லை, அது என் கணவரே கண்டுபிடித்தது. மறுநாள் காலை முதல், மிஷினில் ஏறுவதற்கு முன் பெல்ட்டின் முன்பக்கம் மூன்று சொட்டு விட்டு, விரலால் சிலுவை போட்டு, அந்த விரலை நெற்றியில் தொட்டுக்கொண்டு ஏறுவார். நவாஸ் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். அதற்கு அவர், "ஜெபம் பண்ணுன எண்ணெயில எவனாச்சும் வழுக்குவானா?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டால் பதில் சொல்லக்கூடாது என்பது கல்யாணமான முதல் வருடமே எனக்குத் தெரியும்.

எனவே அவர் நடந்து முடித்துக் குளிக்கப் போனதும் நான் துணியை வெந்நீரில் சோப்புப் போட்டு நனைத்து, பெல்ட் முழுவதையும் துடைத்துவிடுவேன். மறுநாள் அவர் மூன்று சொட்டு விடுவார், நான் துடைப்பேன். இப்படியே பதினைந்து மாதத்துக்கு மேல் நடந்தது. இடையில் அவருடைய ஈ.சி.ஜி. நன்றாக வந்ததும், அந்த எண்ணெய்தான் தன்னை நடத்துகிறது என்று சபையில் எல்லோர் முன்னும் எழுந்து நின்று சொன்னார். நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். துடைத்த துணியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அப்படி ஒன்று நடப்பதே அவருக்குத் தெரியாது.

03.03.2025 திங்கட்கிழமை நவாஸ் வழக்கமான சர்வீஸுக்கு வந்தார். முன்பக்க மூடியைக் கழற்றித் தூசி எடுத்துவிட்டு, உள்ளே இருந்த உருளையைத் தொட்டுப் பார்த்தார். கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. விரலை முகர்ந்தார். "என்னம்மா இது, கடலை எண்ணெய் வாசம் அடிக்குது" என்றார். நான், சமையல்கட்டு பக்கத்தில் இருப்பதால் அப்படி இருக்கும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து முழுவதையும் சுரண்டித் துடைத்து, "மேலே எண்ணெய் படுகிறது. கண்டிப்பாகக் கூடாது" என்று அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் கணவர் அதைப் படித்துவிட்டு, "இவன் யாரு எனக்குக் கண்டிப்பு சொல்ல?" என்றார்.

அதன்பிறகு 08.03.2025 சனிக்கிழமை எனக்கு இரத்தப் பரிசோதனை செய்ததில் சர்க்கரை 312 இருந்தது. டாக்டர், வீட்டில் மிஷின் வைத்துக்கொண்டா நடக்காமல் இருக்கிறீர்கள் என்று என்னைத் திட்டினார். அன்று மாலை என் கணவரிடம், நீங்கள் முடித்தபிறகு நான் அரை மணி நேரம் ஏறிக்கொள்கிறேன் என்று கேட்டேன். அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒன் குதிங்கால் வெடிப்புக்கு அந்த பெல்ட்டு கிழிஞ்சுபோகும்" என்றார். பிரின்ஸ் பக்கத்தில் இருந்தான், சிரித்தான். நான் உள்ளே போய் இராத்திரிச் சாப்பாட்டை எடுத்து வைத்தேன்.

11.03.2025 செவ்வாய்க்கிழமை காலை சுமார் ஐந்தே முக்கால் மணிக்கு நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் மிஷின் ஓடும் சத்தமும், அவர் போனில் போட்டிருந்த பாட்டும் கேட்டது. திடீரென்று தொப்பென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தபோது, மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பக்கமாக விழுந்து கிடந்தார். பெல்ட் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. விழுந்தால் மிஷின் தானாக நிற்பதற்குச் சட்டையில் மாட்டும் சிவப்புச் சாவி ஒன்று உண்டு. அது சீக்காளிகளுக்கு என்று சொல்லி அவர் ஒருநாளும் மாட்டியதில்லை. நான் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "அந்த எண்ணெய் பாட்டில எடுத்து உள்ள வையி" என்பதுதான். அதன்பிறகுதான் வலிக்கிறது என்றார், பிரின்ஸைக் கூப்பிடச் சொன்னார். நான் பாட்டிலை எடுத்து அரிசி டிரம்மில் புதைத்து வைத்தேன்.

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, இடுப்பில் பிளேட் வைத்தார்கள். மறுநாள் அவர் பிரின்ஸிடம், பெல்ட்டில் எண்ணெய் இருந்தது, போன வாரம் வந்த பயல் செய்த வேலைதான் என்று என் எதிரிலேயே சொன்னார். 13.03.2025 அன்று பிரின்ஸ் புகார் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தான். தினமும் அவர் எண்ணெய் விட்டதைப் பிரின்ஸ் பார்த்திருக்கிறான். நான் அதைச் சொன்னபோது, "அம்மா, நீங்க இதுல தலையிடாதீக. அந்த எண்ணெயில வழுக்கி விழுந்தாகன்னு தெரிஞ்சா, அப்பா சபையில எப்படி முகத்தக் காட்டுவாக?" என்றான். மிஷினில் தொங்கிய சர்வீஸ் அட்டையையும் அறுத்துக் குப்பையில் போட்டான். நான் அதை எடுத்துத் துடைத்து என் பைபிளுக்குள் வைத்திருந்து, இன்று கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். ஒரு மூலையில் மஞ்சள் கறை இருக்கும். அது குப்பையில் பட்டது. எழுத்து அழியவில்லை.

அதன்பிறகு 17.03.2025 திங்கட்கிழமை நவாஸும் அவர் மனைவி ஷர்மினும் மருத்துவமனைக்கு வந்தார்கள். பிரின்ஸ் இருவரையும் அறைக்குள் விடவில்லை. நான் மருந்து வாங்கப் படியிறங்கியபோது கீழே நின்றிருந்தார்கள். இரண்டு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றும், தான் வேலை பார்க்கும் மிஷின் கடையில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் நவாஸ் சொன்னார். உண்மையைச் சொல்லவேண்டியதுதானே என்று நான் கேட்டேன். எனக்குப் புத்தி இருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். அதற்கு அவர், "ஐயா செலுவ போட்டு எண்ணெய் விடுறத நானே ஒருநா பாத்திருக்கேன்மா. ஆனா ஜெப எண்ணெயாலதான் விழுந்தாகன்னு என் வாயால எப்படிம்மா சொல்றது? நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிரும். நீங்க சொன்னாத்தான் சரியா வரும்" என்றார். ஷர்மின் என் கையைப் பிடித்து, "ஒங்களுக்குத் தெரியும்லம்மா" என்று மட்டும் சொன்னார். நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். அது என் கோழைத்தனம்.

பாட்டிலில் இருப்பது என்ன எண்ணெய் என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டதற்கு என் பதில். கன்வென்சனில் கொடுத்த எண்ணெய் ஒரு மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. காலி பாட்டிலைப் பார்த்தால் அவர் வீட்டை இரண்டாக்குவார் என்று பயந்து, கம்பத்தில் செக்கில் ஆட்டி வாங்கிய கடலை எண்ணெயை நான்தான் அதில் ஊற்றி வைத்தேன். அதுமுதல் தீரத் தீர ஊற்றினேன். நவாஸ் முகர்ந்து கேட்டது அதைத்தான். அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு இந்த நிலைமை வந்திருக்காது. ஈ.சி.ஜி. நன்றாக வந்ததும், சபையில் எழுந்து நின்று சொன்னதும் இந்தக் கடலை எண்ணெயை வைத்துத்தான். ஆஸ்பத்திரியிலும் என் கணவர் கேட்டார் என்று அரிசி டிரம்மிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய், ஒரு வாரமாக அவர் நெற்றியில் தினமும் பூசிவிட்டேன். நேற்றும் பூசினேன். பாட்டிலில் மிச்சம் இருப்பதை அப்படியே ஒப்படைத்திருக்கிறேன். இன்று மாலை அவர் கேட்டால் போலீஸில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

தினமும் துடைத்ததாகச் சொல்கிறீர்களே, அப்படியானால் அன்று எப்படி வழுக்கியது என்றும் கேட்டார். 09ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையும் 10ஆம் தேதி திங்கட்கிழமையும் நான் பெல்ட்டைத் துடைக்கவில்லை. துணி கொடியில் காய்ந்துகொண்டுதான் இருந்தது.

இதைச் சொன்னால் என் மேலும் வழக்கு வரலாம் என்று உதவி ஆய்வாளர் அம்மா எனக்கு எடுத்துச் சொன்னார். வரட்டும், எழுதுங்கள் என்றேன். எழுதியதை முதல் வரியிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார். எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது, ஓர் இடம் தவிர. என் மேல் இரக்கப்பட்டோ என்னவோ, "துடைக்க மறந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். நான் மறக்கவில்லை. அதை அடித்துவிட்டு "துடைக்கவில்லை" என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்துக்குப் பக்கத்திலும் இங்கே கீழேயும் என் கையாலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) பொ. ஞானபாக்கியம்